நபிலுக்குக் களா உண்டா?

தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்படும் நூல் எது என்று வினவினால், காப்பியத்தையோ கதை நூலையோ எவரும் சுட்டமாட்டார். தொழுகை முறையை விளக்கும் சிறு கைந்நூலே அந்த இடத்தைப் பெறும். தாய் அதைக் கொண்டே மகளுக்கு உளூச் செய்யக் கற்பிக்கிறாள். வெளியூரில் பிழைக்கச் செல்லும் இளைஞன் பெட்டிக்குள் அதை வைத்துக்கொண்டு புறப்படுகிறான். இத்துணைச் செல்வாக்குள்ள நூல் வகையைத் திறனாய்வாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சீறாப்புராணத்தின் உவமை நயத்தை ஆராய்கிறோம். ஞானியர் பாடல்களின் மறைபொருளைத் தேடுகிறோம். நாள்தோறும் நம் வணக்கத்தை வழிநடத்தும் உரைநடையை மட்டும் ஆராயாது விடுகிறோம். மார்க்க நூல் என்பதால் அது திறனாய்வுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். மார்க்கம் குறையற்றது, அதை எடுத்துரைக்கும் நம் எழுத்து அத்தகையதன்று.

ஆகவே ஒரேயொரு வினாவை உரைகல்லாகக் கொண்டு இக்கைந்நூல்களை ஈண்டு உரைத்துப் பார்ப்போம். சுன்னத்தான தொழுகையோ வேறு நபில் தொழுகையோ உரிய நேரத்தில் தவறிப்போனால் அதைப் பின்னர் நிறைவேற்றலாமா? அதாவது, நபிலுக்குக் களா உண்டா?

இவ்வினாவுக்கு நம் கைந்நூல்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு நூல் 'உண்டு' என்கிறது. மற்றொன்று 'இல்லை' என்கிறது. 'சுபுஹுடைய சுன்னத்துக்கு மட்டும் உண்டு' என்கிறது மூன்றாவது. எந்த மத்ஹபின்படி, எக்காரணத்தால் என்ற விளக்கத்தைக் காண்பது அரிது. ஒரு நூலை மட்டும் படித்தவர் அதையே மார்க்கத்தின் முடிந்த முடிபாகக் கொள்கிறார். விளைவு யாதெனின், சுபுஹு ஜமாஅத் முடிந்ததும் எழுந்து நின்று, விடுபட்ட இரண்டு ரக்அத்தைத் தொழுபவரை, அருகிலிருப்பவர் பாவம் செய்தவரைப்போல் நோக்குகிறார். தொழாமல் எழுந்து செல்பவரை இவர் அசட்டையானவர் என எண்ணுகிறார். இருவர் கையிலும் நூல் இருக்கிறது. இருவரிடமும் இல்லாதது, நூல் சொல்லத் தவறிய காரணம்.

முதலில் 'களா' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிமின் செவியில் அது கடன் என்றே ஒலிக்கிறது. 'எனக்குப் பத்து வக்து களா இருக்கிறது' என்று பேசுகிறோம். ஆனால் அரபு மூலச் சொல்லுக்கு 'நிறைவேற்றி முடித்தல்' என்பதே அடிப்படைப் பொருள். ஜுமுஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு பணிக்கும் 62ஆம் அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தில், தொழுகை முடிவதைக் குறிக்க இச்சொல்லடியே ஆளப்பட்டிருக்கிறது. ஹஜ்ஜின் கிரியைகளை முடிப்பதைப் பேசும் 2ஆம் அத்தியாயத்தின் 200ஆம் வசனத்திலும் அவ்வாறே. நேரம் கடந்தபின் தொழுவதற்கு மட்டும் இச்சொல்லை உரியதாக்கியது பிற்கால ஃபிக்ஹு அறிஞர்களின் கலைச்சொல் வழக்கு. பர்ளுத் தொழுகையைப் பொறுத்தவரை, தவறியது உண்மையாகவே கடன்தான். ஆகவே நம் வழக்கு அங்கே பொருந்துகிறது. அதே சொல்லை நபிலுக்கும் விளக்கமின்றி நீட்டும்போதுதான் இடர் தோன்றுகிறது. கடமையல்லாத ஒன்று தவறினால் அது எப்படிக் கடனாகும்? இந்த ஐயத்தை எழுப்பி விடை சொல்லியிருக்க வேண்டியது நூலாசிரியரின் பொறுப்பு.

இனி, பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலிருந்து இது தொடர்பாக நமக்குக் கிடைக்கும் சான்றுகளை நோக்குவோம்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இரவு. பிலால் (ரலி) அவர்களைக் காவலுக்கு அமர்த்திவிட்டு அனைவரும் களைப்பால் உறங்கினர், காவலிருந்தவரும் கண்ணயர்ந்தார். வெயில் சுட்ட பிறகே விழித்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்விடத்தை விட்டுச் சற்று நகர்ந்து, உளூச் செய்து, பாங்கு சொல்லச் செய்து, முதலில் சுபுஹின் சுன்னத்தையும் பின்னர் பர்ளையும் தொழுதார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் காணப்படும் செய்தி இது.

மற்றொரு நிகழ்ச்சி அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்தது. அஸருக்குப் பின் தொழுவதைப் பெருமானார் (ஸல்) தடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நாள் அவர்களே அஸருக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுவதை அன்னையார் கண்டார்கள். வியப்புற்று, பணிப்பெண்ணை அனுப்பி, அருகில் நின்று காரணம் கேட்குமாறும், கையால் சைகை காட்டினால் விலகி நிற்குமாறும் பணித்தார்கள். தொழுது முடித்தபின் விடை கிடைத்தது. அப்துல் கைஸ் குலத்தார் வந்து பேசிக்கொண்டிருந்ததால் லுஹருக்குப் பிந்திய இரண்டு ரக்அத் தவறிவிட்டதாகவும், அவையே இவை என்றும் அண்ணலார் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது.

மூன்றாவது சான்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வருவது. நோயினாலோ வேறு காரணத்தாலோ இரவுத் தொழுகை தவறினால் பெருமானார் (ஸல்) பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என அவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். இங்கே எண்ணிக்கை கூர்ந்து நோக்கற்பாலது. அண்ணலாரின் இரவுத் தொழுகை வித்ருடன் பதினொரு ரக்அத்தாக அமைந்ததை அறிவித்தவர்களும் அதே அன்னையார்தாம். இரவில் பதினொன்று, பகலில் பன்னிரண்டு. வித்ரு இரவுக்குரியது, ஆதலால் பகலில் இரட்டைப்படையாக்கித் தொழுதார்கள் என அறிஞர் சிலர் விளக்குகின்றனர். கணக்குப் பார்த்துக் கடன் தீர்ப்பவர் பட்ட தொகையையே திருப்பிக் கொடுப்பார். இங்கு நிகழ்ந்தது அத்தகைய கணக்குத் தீர்வு அன்று. நாள்தோறும் இறைவனுடன் கொண்ட நெருக்கம் ஓரிரவு இடைவெளியால் அறுந்துவிடாமல் காக்கும் செயல் அது.

நான்காவதாக, சுபுஹு பர்ளுக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுத நபித்தோழர் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி. தவறிய சுன்னத்தைத் தொழுததாக அவர் கூறியதும் பெருமானார் (ஸல்) அதை மறுக்கவில்லை என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்துள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் அறுபட்டது என்று திர்மிதி இமாமே குறித்திருக்கிறார். இதையும் வாசகரிடம் மறைக்காமல் சொல்லுவதே நேர்மை.

இச்சான்றுகள் எல்லா இமாம்களின் முன்னும் இருந்தவையே. எனினும் அவர்கள் கண்ட முடிவுகள் வேறுபட்டன. அவ்வேறுபாட்டின் வேரைக் காட்டாத நூல் மாணவனுக்கு விடையை மட்டும் சொல்லி வழியை மறைக்கும் ஆசிரியரைப் போன்றது.

ஷாபிஈ மத்ஹபில், நேரம் குறிக்கப்பட்ட நபில் தவறினால் களாச் செய்வது விரும்பத்தக்கது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் இதையே வலுவான கருத்தாகக் கொள்கிறார்கள். பர்ளுக்கு நேரம் இருப்பதுபோல் இதற்கும் நேரம் இருக்கிறது. ஆகவே நேரம் தவறினால் ஈடுசெய்யும் வாயிலும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ரவாத்திபு சுன்னத்துகள், ளுஹா, வித்ரு, இரு பெருநாள் தொழுகைகள் ஆகியன இவ்வகையில் அடங்கும். ஆனால் ஒரு காரணம் பற்றி வரும் தொழுகைகளுக்கு, அக்காரணம் நீங்கியபின் களா இல்லை. கிரகணம் விலகிய பிறகு கிரகணத் தொழுகைக்கு இடமேது? பள்ளிக்குள் நுழைந்து நெடுநேரம் அமர்ந்துவிட்டவருக்குப் பள்ளிக் காணிக்கைத் தொழுகையும் கடந்து சென்றதுதான்.

ஹனபீ மத்ஹபு வேறொரு வாயில் வழியாக நுழைகிறது. களா என்பதே, கடமையான ஒன்றுக்கு ஈடான மற்றொன்றை ஒப்படைத்தல். கடமை இல்லாதபோது ஒப்படைக்க என்ன இருக்கிறது? ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில் இத்தருக்கத்தைக் காணலாம். சுபுஹின் சுன்னத்து பர்ளுடன் சேர்ந்தே தவறினால், உச்சி சாய்வதற்கு முன் பர்ளுடன் சேர்த்துத் தொழப்படும். கைபர்ப் பயண நிகழ்ச்சி அதற்கு ஆதாரம். சுன்னத்து மட்டும் தவறினாலும் சூரியன் எழுந்தபின் தொழுவது நன்று என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. லுஹருக்கு முந்திய நான்கு ரக்அத் தவறினால் பர்ளுக்குப் பின் அதே வக்துக்குள் தொழலாம். வித்ரு அவர்களிடம் வாஜிபு. ஆகவே அதற்குக் களா உண்டு. தொடங்கிய நபிலை இடையில் முறித்தால் அதையும் களாச் செய்ய வேண்டும். செயல்களை வீணாக்காதிருக்குமாறு இறைமறை பணிப்பதை அவர்கள் சான்றாகக் கொள்கின்றனர். அஸருக்குப் பிந்திய நிகழ்ச்சியோ பெருமானார் (ஸல்) அவர்களுக்கு மட்டுமே உரிய சிறப்பு என்பது அவர்களின் விளக்கம். அதை அன்றாட வழக்கமாகத் தொடர்ந்ததே அண்ணலாரின் தனிச்சிறப்பு, ஈடுசெய்தது அன்று என ஷாபிஈ அறிஞர்கள் மறுமொழி கூறுகின்றனர்.

மாலிக்கீ மத்ஹபில் சுபுஹின் சுன்னத்துக்கு மட்டும் உச்சி சாயும் வரை இடமுண்டு. ஹன்பலீ மத்ஹபில் ரவாத்திபுகளைக் களாச் செய்வது சுன்னத்து; ஆயினும் தவறிய பர்ளுகள் பல இருப்பின், சுபுஹின் சுன்னத்தைத் தவிர்த்து ஏனையவற்றை விட்டுவிட்டு பர்ளுகளில் ஈடுபடுவதே மேல்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாபிஈ மத்ஹபு வேரூன்றியிருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் ஹனபீகள் மிகுதி. சென்னை போன்ற பெருநகரில் இருசாராரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கின்றனர். சுபுஹு பர்ளுக்குப் பின் உடனே எழுந்து சுன்னத்தைத் தொழும் ஷாபிஈயும், சூரியன் எழும்வரை காத்திருக்கும் ஹனபீயும் அவரவர் இமாமின் அறிவார்ந்த முடிவையே பின்பற்றுகின்றனர். நாம் மேலே கண்ட விளக்கத்தில் பாதியேனும் கைந்நூலில் இடம்பெற்றிருந்தால், ஒருவரையொருவர் முறைத்து நோக்க வேண்டிய தேவையே எழுந்திராது. பக்கத்தைச் சுருக்க எண்ணிக் காரணத்தை நீக்கினோம். கூடவே சகிப்பும் நீங்கிவிட்டது.

கைந்நூல்களின் இரண்டாவது குறை இதனினும் பெரிது. எதற்கு எவ்வளவு எடை என்பதை அவை காட்டுவதில்லை. பர்ளும் சுன்னத்தும் நபிலும் ஒரே அட்டவணையில், ஒரே அளவு எழுத்தில், எண்களாக வரிசைப்படுத்தப்படுகின்றன. இதைப் படிப்பவர், பல்லாண்டுப் பர்ளுகள் நிலுவையில் இருக்க, நேற்றுத் தவறிய ளுஹாவுக்காக வருந்தி நிற்கக்கூடும். மலபாரில் எழுதப்பட்டு நம் ஷாபிஈ மதரஸாக்களிலும் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன், தக்க காரணமின்றிப் பர்ளை விட்டவர் அதை உடனடியாகக் களாச் செய்தாக வேண்டும் என்கிறது. இன்றியமையாத அலுவல்கள் போக எஞ்சிய நேரமெல்லாம் அதற்கே உரியது, அதுவரை நபிலில் ஈடுபடுவது கூடாது என்ற இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக் கூறுகிறது. ஹனபீ அறிஞர்கள், வழமையான சுன்னத்துகளை விடவேண்டியதில்லை, மற்ற நபில்களைக் காட்டிலும் களாத் தொழுகையே முதன்மையானது என்பர். அளவில் வேறுபாடு உண்டு. முதன்மை எதற்கு என்பதில் ஐயமில்லை. கடன்பட்டவன் கடனை வைத்துக்கொண்டு வெகுமதி வழங்கப் புறப்படலாகாது.

எடை அறியாமையின் மற்றொரு முகத்தையும் காண்கிறோம். ரமளானின் கடைசி வெள்ளிக்கிழமையில் சில ரக்அத்துகள் தொழுதால் ஆயுள் முழுவதும் தவறிய தொழுகைகளுக்கு ஈடாகும் என்ற நம்பிக்கை, 'களா உமரீ' என்ற பெயரில் இந்தியத் துணைக்கண்டத்தில் உலவி வந்திருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் செய்தி அடிப்படையற்றது என்று முல்லா அலீ காரீ (ரஹ்) உறுதியாக மறுத்தார்கள். 1886இல் மறைந்த லக்னோ அப்துல் ஹை (ரஹ்) இதைக் கண்டித்துத் தனி நூலே இயற்றினார்கள். ஒருபுறம், கடனல்லாததைக் கடனாக எண்ணித் துயருறுதல். மறுபுறம், உண்மைக் கடனைச் சில ரக்அத்தில் தள்ளுபடி செய்துகொள்ளுதல். இரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

அங்ஙனமாயின் நபில் எதற்கு? மறுமையில் முதற்கணக்குத் தொழுகையைப் பற்றியது எனவும், பர்ளில் குறையிருப்பின் அடியானிடம் நபில் உண்டா எனப் பார்க்கப்பட்டு அதைக்கொண்டு அக்குறை நிறைக்கப்படும் எனவும் ஹதீஸில் வந்துள்ளது. பர்ளே தனக்கு மிக உவப்பானது எனவும், அதன்பின் நபிலால் அடியான் தன்னை நெருங்கி நெருங்கித் தன் அன்புக்குரியவனாகிறான் எனவும் இறைவன் அறிவித்ததாகப் புகாரியில் காண்கிறோம். ஆகவே நபில் பர்ளுக்குக் காவல், அன்புக்கு வாயில். தவறிய நபிலை ஈடுசெய்பவர் தண்டனைக்கு அஞ்சி அதைச் செய்வதில்லை. வழக்கமாக வந்து சேரும் வாயிலில் ஒரு நாள் வராமல் போனதைப் பொறுக்கமாட்டாமல் மறுநாள் விரைந்து வருகிறார்.

இதனால்தான் தொடர்ச்சி இத்துணை வலியுறுத்தப்பட்டது. சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்து. இரவில் தொழுதுவந்து பின்னர் அதைக் கைவிட்ட ஒருவரைப்போல் ஆகிவிட வேண்டாம் என அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அறிவுரை பகர்ந்தார்கள். இரவில் வழக்கமாக ஓதுவது உறக்கத்தால் தவறினால், சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதுபவருக்கு இரவில் ஓதியதாகவே பதியப்படும் என்ற நற்செய்தியை உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு நாள் தவறியதையே சாக்காகக் கொண்டு வழக்கம் முழுவதையும் கைவிடுவது மனித இயல்பு. ஈடுசெய்யும் வழி அந்தச் சரிவில் ஊன்றிக்கொள்ளக் கிடைத்த கோல்.

கைந்நூல்கள் சொல்லாது விடும் மூன்றாவது செய்தி, நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உரியது. மாத விலக்கின்போது தவறிய பர்ளுத் தொழுகைக்கே களா இல்லை என்பதை அன்னை ஆயிஷா (ரலி) தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அந்நாட்களின் சுன்னத்துகளை எண்ணி ஒரு பெண் மனம் கலங்க வேண்டியதே இல்லை. நோயுற்றவருக்கும் பயணம் செய்பவருக்கும், உடல்நலத்தோடு ஊரில் இருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் கூலி அப்படியே எழுதப்படும் என்று அபூமூஸா (ரலி) வழியாகப் புகாரியில் வந்துள்ளது. நாற்பது ஆண்டுகள் தஹஜ்ஜத் தொழுத முதியவர் படுக்கையில் வீழ்ந்தபின், எழ முடியவில்லையே என்று ஏங்குவதுண்டு. அவருக்குத் தேவையானது ரக்அத் அட்டவணை அன்று. இந்த ஹதீஸின் கருத்து. அழும் குழந்தையை அணைத்தபடி சுன்னத்தைத் தவறவிட்ட இளந்தாயிடம், இயன்றபோது தொழுதுகொள்ளலாம், இயலாவிடில் அவள்மீது குற்றமில்லை என்ற இரண்டு வாக்கியங்களை நூல் சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடமில்லாத நூலில் அட்டவணைகளுக்கு மட்டும் இடம் எப்படிக் கிடைத்தது?

மார்க்க நூல் எழுதுவது நமக்குப் புதியதன்று. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) ஃபிக்ஹுச் சட்டங்களை அரபுத்தமிழில் வடித்து, வீட்டிலிருந்த பெண்டிரும் அறியச் செய்தார்கள். அவர்கள் அன்று ஆற்றிய பணியை இன்றைய தமிழில் தொடர்வோர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். எந்த மத்ஹபின் தீர்ப்பு என்பதைத் தெளிவாகக் குறித்தல். தீர்ப்போடு அதன் காரணத்தையும் ஓரிரு வரியிலேனும் தருதல். பர்ளுக்கும் நபிலுக்கும் உள்ள எடை வேறுபாட்டை ஒவ்வொரு பக்கத்திலும் உணர்த்துதல். இவற்றுக்காக நூல் பத்துப் பக்கம் பெருக்குமாயின், அப்பத்துப் பக்கத்தின் விலையைக் கொடுக்க நம் சமுதாயம் தயங்காது.

நபிலுக்குக் களா உண்டா என்ற வினாவுக்கு நாம் காணும் விடை இதுவே: ஷாபிஈயாயின் விரும்பிச் செய்யலாம், ஹனபீயாயின் சுபுஹு, லுஹர் சுன்னத்துகளுக்கு அவர்கள் வகுத்த எல்லைக்குள் செய்யலாம், எவராயினும் நிலுவையிலுள்ள பர்ளையே முற்படுத்த வேண்டும். செய்பவரைச் செய்யாதவர் பழிக்கலாகாது. செய்யாதவரைச் செய்பவர் இகழலாகாது. கடனைக் கடனாகத் தீர்க்கும் பொறுப்பையும், அன்பை அன்பாகச் செலுத்தும் பேற்றையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.